அலமாரிக்கு மேல் இருந்த பிஸ்கட் டின்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தாமானிலிருந்து ஓர் இளைஞர் என் வீடு தேடி வந்தார். கையில் ஒரு பை வாழைப்பழம், முகத்தில் கொஞ்சம் கலவரம்.

"ஐயா, எங்க கோயில்ல என்னைச் செயலாளராப் போட்டுட்டாங்க. மாலை போட்டாங்க, கை தட்டினாங்க, போயிட்டாங்க. இப்ப நான் என்ன செய்யணும்னு யாரும் சொல்லல. நீங்க பல வருஷம் இருந்தவராமே, அதான் வந்தேன்" என்றார்.

பல வருஷம் இருந்தவன் என்பது உண்மைதான். ஒழுங்காக இருந்தவனா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலை குனிந்திருப்பேன். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் கோயில் நிர்வாகத்திலோ மரண சகாய சங்கத்திலோ பதவியில் இருப்பார். நீங்களேகூட இருக்கலாம்.

1986ஆம் ஆண்டு ஆடித் திருவிழா முடிந்த மறுவாரம் என்னைச் செயலாளராக்கினார்கள். அதுவரை செயலாளராக இருந்தவர் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. நான் பால் ஸ்டோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். தினமும் பால் நிறுத்துக் கணக்கு எழுதுகிறவன், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். "தம்பிதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவன், அவனைப் போடுங்க" என்றார் தலைவராக இருந்த பெரிய மண்டோர். நான் இரண்டு தரம் வேண்டாம் என்றேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை. ஆசைதான், வேறென்ன!

ஆசிரியர் போகுமுன் ஒரு பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்தார். உள்ளே 1974இல் வாங்கிய பதிவுப் பத்திரம், மலாய் மொழியில் சங்கத்தின் விதிகள், ஆண்டுவாரியாகக் கட்டி வைத்த அறிக்கை நகல்கள், ரசீதுப் புத்தக அடிக்கட்டைகள், ஓர் இரப்பர் முத்திரை. "தம்பி, இதுதான் கோயில். பத்திரமா வச்சுக்க" என்றார். வாத்தியார் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். கோயில் என்றால் அதோ வேப்பமரத்தடியில் அம்மன் இருக்கிறாளே, இந்தத் தகர டின் எப்படிக் கோயிலாகும்? வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக்கு மேல் வைத்தேன். அங்கேயே இருந்தது.

வேலையே செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்தேன். உபயக்காரர் பட்டியல் எழுதினேன். காவடிக்கும் தீமிதிக்கும் பேர் பதிந்தேன். மேளக்காரருக்கு முன்பணம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவுக்குப் பிறகு கூட்டம் கூட்டி, வரவு செலவை உரக்க வாசித்தோம். "சரிதானா?" என்று தலைவர் கேட்பார். "சரி, சரி" என்று ஜனங்கள் சொல்வார்கள். சுண்டல் கொடுப்போம். இதற்குமேல் ஒரு செயலாளர் என்ன செய்ய வேண்டும்?

செய்ய வேண்டியது இருந்தது. டின்னுக்குள் ஆசிரியர் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தாரே, அந்த அறிக்கைதான். 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தில் 14ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாளுக்குள், பதவியாளர் யார் யார், சென்ற ஆண்டின் வரவு செலவு என்ன, ஐந்தொகை என்ன, விதியில் மாற்றம் உண்டா என்பதையெல்லாம் சங்கப் பதிவதிகாரிக்கு எழுதி அனுப்ப வேண்டும். கூட்டமே நடக்கவில்லை என்றாலும் தப்ப முடியாது. அந்த ஆண்டு முடிந்த 60 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் குற்றம் செயலாளர் தலையில் மட்டும் விழுவதில்லை. பதவியாளர் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். என்னால் ஆன முயற்சியெல்லாம் செய்தேன், என் சக்திக்கு மீறிய காரணத்தால்தான் தவறிப்போயிற்று என்று நிரூபிக்கிறவருக்குத்தான் விலக்கு. "நான் பேருக்குத்தான் இருந்தேன்" என்று சொல்லிப் பயனில்லை.

பேருக்கு இருப்பது என்பது நம்மிடையே ஒரு பெரிய நோய். கடைக்காரர் நன்கொடை கொடுப்பார் என்பதற்காக அவருக்கு ஒரு துணைத்தலைவர் பதவி. மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்வார்கள் என்பதற்காக அவர்களில் ஒருவருக்குச் செயலவையில் இடம். அவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள், கணக்கைப் பார்க்கமாட்டார்கள். நோட்டீஸில் பேர் சின்ன எழுத்தில் விழுந்துவிட்டால் மட்டும் சண்டைக்கு வருவார்கள்! சட்டம் அந்த நோட்டீஸைப் பார்ப்பதில்லை. பதிவிலாகாவில் உள்ள பட்டியலைத்தான் பார்க்கும்.

இனி எங்கள் பொருளாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல நாக்குக் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

அவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். பால்வெட்டுத் தொழிலாளி. ஒரு காசு தவறமாட்டார். கோயில் பணத்தை ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். எங்கள் விதியில், பொருளாளர் கையில் 200 வெள்ளிக்குமேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சத்தை 7 நாளுக்குள் பேங்கில் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. டின்னுக்குள் இருந்த விதியை யார் படித்தார்கள்? தோட்டத்திலிருந்து பேங்குக்குப் போவதென்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால் திருவிழா வசூலில் ஒரு பங்கு எப்போதும் அவர் வீட்டில்தான் இருந்தது.

1990ஆம் ஆண்டுக் கடைசியில், மூன்றாம் லயத்தில் ஒருவருடைய தாயார் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் பணமில்லை. மழைக்காலம், இருபது நாளாக வேலை சரியில்லை. அண்ணன் மஞ்சள் பையிலிருந்து 640 வெள்ளியை எடுத்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் ஸ்டோரில் பால் ஊற்ற வந்தவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, அம்மா காசுல கொஞ்சம் கொடுத்திருக்கேன். சம்பளத்துக்குக் கொடுத்துடுவான். நீ எழுதி வச்சுக்க."

நான் தலையை ஆட்டினேன். எழுதி வைக்கவில்லை.

அண்ணன் செய்தது இரக்கம்தான். ஆனாலும் அது தவறு. கோயில் பணத்தைக் கடன் கொடுக்கப் பொருளாளருக்கு அதிகாரம் கிடையாது. தலைவருக்கும் கிடையாது. சங்கத்தின் பணமும் பொருளும், தனியாகப் பொறுப்பாட்சியாளர் இல்லையென்றால், அந்த நேரத்துச் செயலவை முழுவதன் பொறுப்பிலும் இருப்பதாகச் சட்டம் வைத்திருக்கிறது. தனி ஒருவர் மனம் இரங்கிக் கொடுக்க அது அவர் பணமல்ல. விதிக்கு மாறாகப் பணத்தைச் செலவழித்தவர்மேல் உறுப்பினர் ஒருவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுத்தால், அதைத் திரும்பக் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த சங்கதி.

1991ஆம் ஆண்டு ஜனவரியில் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். வெட்டுக்காட்டிலேயே விழுந்தார். கருமாதி முடிந்து, அண்ணி மஞ்சள் பையைத் தலைவரிடம் ஒப்படைத்தார். எண்ணிப் பார்த்தோம். கணக்குக்கு 640 வெள்ளி குறைந்தது.

ஆடித் திருவிழாவுக்குப் பிறகு கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "செத்தவங்களைக் கேக்க முடியாது. உயிரோட இருக்கறவங்களைக் கேளுங்க" என்றார். அண்ணி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். "எங்க வீட்டுக்காரரு அம்மா காசைத் தின்னவரில்ல" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

நான் பேசியிருக்க வேண்டும். கடன் வாங்கியவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த புத்தகத்தைப் பார்த்தேன். சொன்னால், "செயலாளருக்குத் தெரிந்தும் ஏன் எழுதவில்லை?" என்று கேட்பார்களே! கூட்டக் குறிப்பில் ஒரு வரி இருந்திருந்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதாத குற்றத்தை மறைக்க, இறந்துபோன மனிதன்மேல் பழி விழ விட்டேன். மறுவாரம் அண்ணி தோட்டை அடகு வைத்து 640 வெள்ளியைக் கொண்டுவந்து தலைவர் வீட்டில் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அன்றிரவு சோறு இறங்கவில்லை. என் மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் திட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கடன் வாங்கியவரும் ஒப்புக்கொண்டு, மாதம் 40 வெள்ளியாக அண்ணியிடம் கொடுத்துத் தீர்த்தார். தோடு அதற்குள் மூழ்கிவிட்டது.

இதற்கு நடுவே டின் அலமாரிக்கு மேலேயே இருந்தது. சங்கத்தின் தபால் முகவரி தோட்டத்து ஆபீஸ். பதிவிலாகாவிலிருந்து கடிதம் வந்தால் கிராணியார் என்னைக் கூப்பிட்டுக் கொடுப்பார். "ஆண்டறிக்கை அனுப்பலியாம்ப்பா" என்று படித்துச் சொல்வார். "அனுப்பிடலாங்க" என்பேன். இப்படி இரண்டு கடிதம். 1992இல் மூன்றாவது ஒன்று வந்தது. சங்கத்தின் பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று காரணம் கேட்டிருந்தார்கள். சட்டம் அத்தனை கொடுமையானதல்ல, பாருங்கள். ரத்து செய்யுமுன் பதிவதிகாரி அறிவிப்புக் கொடுத்து நம் பக்கத்து நியாயத்தைக் கேட்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. ரத்தான பிறகும் 30 நாளுக்குள் அமைச்சருக்கு மேல்முறையீடு செய்யலாம். நான் மூன்றாவது கடிதத்தையும் டின்னில் போட்டு மூடினேன். நான்காவதாக வந்த ரத்துக் கடிதத்தைப் பிரிக்கவேயில்லை. அது தோரணமாகக் கட்டிய பழைய நோட்டீஸ்களுடன் கிடந்தது.

மூன்று ஆண்டுகள், இல்லாத ஒரு சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்திருக்கிறேன். பதிவில்லாத சங்கத்தை நடத்துவது சட்டப்படி குற்றம், நடத்துகிறவர்களுக்குச் சிறைத்தண்டனைகூட உண்டு என்று பிறகு ஒரு வக்கீல் சொன்னபோது கை கால் நடுங்கியது.

1995இல் தோட்டம் கைமாறியது. அந்த நாளில் எத்தனை தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின என்பது உங்களுக்கே தெரியும். புதிய கம்பெனிக்காரர் தலைவரையும் என்னையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினார். கோயிலை எடுக்க வேண்டும், அதற்குப் பதிலாக அரை ஏக்கர் நிலமும், கட்ட 60,000 வெள்ளியும் தருகிறோம், ஆறு மாதத்துக்குள் எழுத்து வேலையை முடித்துக்கொள்ளுங்கள் என்றார். எங்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "சங்கத்தின் பதிவுப் பத்திரத்தையும் இந்த ஆண்டுப் பதவியாளர் பட்டியலையும் மட்டும் கொண்டுவாருங்கள்" என்றார் கடைசியில்.

வீட்டுக்கு வந்து டின்னை இறக்கினேன். அப்போதுதான் அந்த நான்காவது கடிதத்தைப் பிரித்தேன்.

அறுபது எழுபது ஆண்டாக அங்கேயே கும்பிட்டு வருகிறோம், நிலம் எங்களுக்குச் சொந்தமில்லையா என்று தலைவர் வக்கீலிடம் கேட்டார். இல்லை என்றார் வக்கீல். நம் நாட்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி, எத்தனை காலம் ஓரிடத்தில் இருந்தாலும் அந்த இருப்பே நிலத்தைச் சொந்தமாக்கிவிடாது. பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் நிலம். கோயிலைப் பதிவு செய்தால் கோயில் நிலமும் நமக்கு வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் தவறு. பதிவு நமக்குக் கொடுப்பது பேச ஒரு வாய், கையெழுத்துப் போட ஒரு கை. அந்த இரண்டும் தேவைப்பட்ட நேரத்தில் எங்களிடம் இல்லை.

பேங்கிலும் அதே கதை. அண்ணன் இறந்த பிறகு புதிய பொருளாளரின் கையெழுத்தை மாற்ற, பேங்கில் கூட்டத் தீர்மானமும் பதவியாளர் பட்டியலும் கேட்டார்கள். நான் கொடுக்காமல் நாள் கடத்தியிருந்தேன். 11,400 வெள்ளி உள்ளே இருந்தது. பதிவு ரத்தான சங்கத்தின் சொத்தைச் செயலவை தன் இஷ்டத்துக்குத் தொட முடியாது என்றார்கள். புதிதாக ஒரு சங்கம் பதிவு செய்தாலும் புதியது வேறு, பழையது வேறாம். அந்தப் பணம் எங்கள் கும்பாபிஷேகத்துக்கு உதவவில்லை. அதில் எத்தனை பேருடைய அரை நாள் சம்பளம் இருந்தது!

புதிய பதிவுக்கு மனுப் போட்டோம். அதற்குள் தோட்டத்தில் இரண்டு கட்சி. "இவங்க கோயிலைக் கெடுத்தவங்க, நாங்கதான் நிர்வாகம்" என்று இன்னொரு கூட்டம் கம்பெனிக்கு எழுதியது. கெடுத்தவன் என்று சொன்னதில் பொய்யில்லை, ஆகவே நான் சண்டைக்குப் போகவில்லை. யாரிடம் கொடுப்பது என்று உங்களுக்குள் முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. 1997இல் பதிவு கிடைத்தது. ஆறு மாதக் கெடு முடிந்து வெகு நாள் ஆகிவிட்டது, மேலிடத்தில் ஆளும் மாறிவிட்டார்கள். கிடைத்தது பெரிய வடிகால் ஓரத்தில் 6,000 சதுர அடியும் 25,000 வெள்ளியும். அரை ஏக்கர் என்றால் 21,780 சதுர அடி. இந்தக் கழித்தல் கணக்கை எத்தனையோ இரவு படுத்துக்கொண்டே போட்டிருக்கிறேன்.

புதிய சங்கத்தில் எனக்குப் பதவி வேண்டாம் என்றேன். ஜனங்கள் விடவில்லை. "கெடுத்தவனே சரிபண்ணு" என்றார் பெரிய மண்டோர். அது சரியான தண்டனை. நிலத்தைச் சங்கத்தின் பேரிலேயே எழுதினோம், தனி ஆள் பேரில் ஒருபோதும் எழுதாதீர்கள். தலைவர் நல்லவராகவே இருக்கலாம், அவர் காலத்துக்குப் பிறகு அது அவர் பிள்ளைகளின் பங்கில் வந்து நிற்கும். சங்கத்தின் பேரில் இருக்கும் நிலத்துக்கான பத்திரம் செல்ல, பதவியில் உள்ள மூன்று பேரின் கையெழுத்தும், அவர்கள்தான் பதவியாளர் என்று பதிவதிகாரி கொடுக்கும் சான்றும், சங்க முத்திரையும் வேண்டும். ஒருவர் மட்டும் இரவோடிரவாக எதையும் செய்துவிட முடியாது. இரும்புப்பெட்டியை விட நல்ல பூட்டு இது.

அதன்பிறகு நான் செயலாளராக இருந்த வரைக்கும் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ஆண்டுக் கூட்டம் முடிந்த அன்றே காலண்டரில் 60ஆவது நாளைச் சிவப்பு மையால் வட்டம் போடுவேன். கூட்டத்தில் பேசியதை அன்றிரவே எழுதுவேன், எதிர்த்துப் பேசியவர் பேச்சையும் சேர்த்து. கணக்கைக் கையில் பணம் வைத்திருக்காத இரண்டு பேர் ரசீதோடு ஒட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கூட்டத்தில் வாசிப்போம். செக்கில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் வழக்கத்தை நிறுத்தினோம். அடக்கச் செலவுக்குத் தவிக்கிறவர் வந்தால்? அதற்கென்று விதியிலேயே ஒரு சகாய நிதியைச் சேர்த்து, பதிவதிகாரியின் ஒப்புதல் பெற்று, தொகையையும் குறித்துவிட்டோம். அண்ணன் செய்ய நினைத்ததுதான் அது. இன்றைக்கு எழுத்தில் இருக்கிறது.

பெண்களையும் செயலவையில் சேர்த்தோம். முதலில் சேர்ந்தவர் அண்ணி. கணக்காய்வாளராக இருந்தார். ஐந்து வெள்ளிக் கற்பூரத்துக்கு ரசீது இல்லையென்றாலும் விடமாட்டார். என்னிடம் அந்தப் பழைய விஷயத்தை ஒருநாளும் பேசியதில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோதும், "ரசீதுப் புத்தகம் எங்க?" என்றுதான் கேட்டார்.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் சொல்லி முடித்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. இந்தக் காலத்தில் ஆண்டறிக்கையை இணையம் வழியாகவே அனுப்புகிறார்கள், தபாலுக்கு ஓட வேண்டியதில்லை என்று அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கைத்தொலைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். எனக்குச் சரியாகப் புரியவில்லை, சந்தோஷமாக இருந்தது.

டின்னைக் காட்டும்படி கேட்டார். இறக்கிக் கொடுத்தேன். ஆசிரியர் கட்டி வைத்த 1974ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துப் பார்த்தார். பொருளாளர் கையெழுத்து இருக்கும் இடத்தில் அண்ணனின் பெயர், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, தமிழில்.

"உங்க கோயில் அறிக்கை போன வருஷம் போயிருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியலீங்களே, ஐயா."

"அதுக்கு முந்தின வருஷம்?"

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்தார். தேநீரைக் குடிக்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்தார். பழைய செயலாளர் வீட்டுக்குத்தான் நேராகப் போகிறேன் என்றார்.